முகமில்லாத தூதர்

அந்தச் சின்னக் கோயிலின் பீடத்துக்குப் பின்சுவரில், மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்ல வந்த வானதூதர் ஓவியமாக நிற்கிறார். அவர் முகத்தை ஓவியர் வரைவது இது மூன்றாவது முறை. மாதாவுக்கு ஒன்றும் ஆவதில்லை. தூதருக்குத்தான் ஒவ்வொரு மழைக்கும் கன்னம் உப்பி, மூக்கு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்துவிடும்.

சாரத்தில் நின்று சுரண்டும்போது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. "திரும்பவும் இதே மூக்கா!" என்று வாய்விட்டே சொன்னார்.

கீழே பூச்சுக் கலவை குழைத்துக்கொண்டிருந்த கொத்தனார் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. "அத்தான், செவத்துல கோளாறில்ல. தலையிலதான் கோளாறு" என்று கூரையைக் காட்டினார்.

இருவரும் ஏணி வைத்து ஏறினார்கள். மணிக்கூண்டு பிற்பாடு கட்டிச் சேர்த்தது. அது பழைய ஓட்டுக்கூரையோடு முட்டும் மூலையில் தண்ணீர் குட்டையாக நின்றது. கட்டியவர்கள் அங்கே தண்ணீர் போக ஒரு துவாரம் விட்டிருந்தார்கள். புறா அடைகிறதென்று யாரோ அதைச் சிமெண்டால் பூசிவிட்டிருந்தார்கள். மச்சான் உளியால் நாலு தட்டு தட்டினார். தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. ஓவியருக்குச் சந்தோஷம் வரவில்லை. வீணாய்ப்போன மூன்று வருஷம்தான் கண்முன் நின்றது.

இறங்கியதும் மச்சானோடு போய், பங்குச் சாமியாரை அந்தச் சுவரருகே அழைத்து வந்தார். "சாமி, செவரு காய ஒரு வருஷம் ஆகும். இப்ப வரைஞ்சா மறுபடியும் உரிஞ்சிரும்."

"ஞாயித்துக்கிழமை பூசை வைக்க மறைமாவட்ட ஆயர் வர்றாரே! எப்படியாவது ஒப்பேத்திருங்க."

"ரெண்டு தடவ ஒப்பேத்தியாச்சு சாமி. இனிமே என்னால முடியாது."

கோபமாகச் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. சாமியார் சுவரைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கை நனைந்தது.

"ஆயர்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"ஒழுகுதுன்னு சொல்லுங்க சாமி. அவரு மட்டும் என்ன, ஒழுகாத வீட்டுலயா பொறந்தாரு?" என்றார் மச்சான். சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரியென்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தூதருக்குச் சிறகு இருந்தது, கையில் லீலிப்பூ இருந்தது. கழுத்துக்கு மேல் வெறும் சுண்ணாம்பு. ஆயர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். பிறகு பிரசங்கத்தைத் தொடங்கினார். பிரசங்கம் நீண்டது. கடைசி பெஞ்சில் ஓவியருக்குக் கண் சொக்கியது. மனைவி முழங்கையால் இடித்தாள்.

"எல்லாரும் அந்தச் செவத்தையே பாக்குறாங்க. நீங்க என்னடான்னா தூங்குறீங்க."

"பாக்கட்டும்" என்றவர், பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்தபோதும் அவர் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை மனைவி இடிக்கவில்லை.