இல்லாத பித்தப்பை

புருஷன் தர்மனின் ஸ்கேன் ரிப்போர்ட்டை இரண்டாம் முறை படித்தபோதுதான் காந்தாவுக்குத் திக்கென்றது. புடவைக் கடையில் பில் போடுகிறவள். இங்கிலீஷ் படிக்கத் தெரியும். 'பித்தப்பை இயல்பாக உள்ளது' என்றிருந்தது.

தர்மனுக்குத்தான் பித்தப்பையே இல்லையே! கல்யாணத்துக்கு முன்பு, சென்னையில் இருந்தபோது ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டதாகச் சொல்லித்தான் வலது விலாவுக்குக் கீழே நீளத் தழும்பைக் காட்டியிருந்தான். இப்போது வயிற்று வலியில் ஆட்டோ ஓட்ட முடியவில்லை என்று ஸ்கேன் எடுத்தார்கள்.

அப்படியானால் அது என்ன தழும்பு? யாரோடாவது வெட்டு குத்தா?

முசரவாக்கத்தில் இருக்கும் நாத்தனார் துர்காவுக்குப் போன் போட்டாள். "அண்ணி, அவருக்கு மெய்யாவே ஆபரேஷன் நடந்துச்சா?"

"ஊருக்கு வந்தப்புறம்தான் சொன்னாம்மா. நாங்க யாரும் போவல."

சந்தேகம் இறுகியது. தர்மனிடமே கேட்டாள்.

"வலியில துடிச்சிக்கினு கிடக்கறேன், போலீசு மாதிரி விசாரிக்கிற!" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படித் திரும்பிக்கொண்டதும் அவளுக்கு ஒரு சாட்சியாகவே பட்டது.

மறுநாள் அவனையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் டாக்டர் ஜீவிதா கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்தார். முகம் மாறியது.

"இவருக்குப் பித்தப்பை இல்லம்மா. ஆபரேஷன்ல எடுத்திருக்காங்க."

"இதுல நல்லா இருக்குதுன்னு போட்டிருக்குதே?"

"எல்லாம் நார்மல்னு முன்னாடியே டைப் பண்ணி வெச்ச ரிப்போர்ட்மா. ஆளுக்குத் தகுந்தமாதிரி நான் மாத்தியிருக்கணும், விட்டுட்டேன். அனுப்பின டாக்டரும் சீட்டுல வெறும் 'வயிற்று வலி'ன்னு எழுதியிருக்காரு, ஆபரேஷன் பத்தி ஒண்ணுமே இல்ல."

காந்தாவின் சந்தேகம் புருஷனை விட்டு ரிப்போர்ட்டின் மேல் தாவியது. "அப்ப மீதி எழுதினத மட்டும் எப்பிடி நம்பறது?"

ஜீவிதா தர்மனை மறுபடியும் படுக்க வைத்தார். ஆபரேஷன் எப்போது, வலி எங்கே தொடங்குகிறது, சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே தேடினார். பித்தப்பையை எடுத்த பிறகும், பித்தம் இறங்கும் குழாயில் கல் சிக்கியிருந்தது.

சென்னையில் கல்லை எடுத்தார்கள். வலி நின்றது. வெறும் 'வயிற்று வலி' என்று வரும் சீட்டுகளை ஜீவிதா இப்போது திருப்பி அனுப்புகிறாராம்.

வீடு திரும்புகையில் பஸ்ஸில் காந்தா கேட்டாள்: "அன்னிக்கே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? ஆபரேஷன் அன்னிக்குப் பக்கத்துல ஒருத்தரும் இல்ல. தனியா கிடந்தேன். நீயும் நம்பல."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் விலக்கவில்லை, ஆனால் ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.