பக்கத்து இருக்கைக்கு ஓர் ஆள்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சூரிச்சுக்கு அந்தப் பக்கம் கூர் நகரில் எலக்ட்ரீசியனாக வேலை செய்யும் தயாநிதி, போன செவ்வாய் சூரிச்சுக்கு இந்தப் பக்கம் பூம்ப்ளிஸில் இருக்கும் எனக்குப் போன் எடுத்தார். "அண்ணை, வியாழன் ஒரு மணித்தியாலம் வாறியளோ? பக்கத்துச் சீற்றில இருந்து சும்மா கதைச்சாப் போதும்." வேலை தலைக்கு மேலே கிடக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை. போனை வைத்த கையோடு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'பனி மலைகளுக்கு மேல் பறக்கும் கனவோடு ஓர் அகதி…'

(அடித்துவிட்டேன். அவர் வந்து முப்பது வருடமாகிறது. இன்னும் அகதி என்றே தொடங்கினால் எனக்குத்தான் வெட்கம்.)

இரண்டாவது தொடக்கம்: தயாநிதி ஏழு வருடமாக ஒரு சின்ன விமானத்தைத் தன் கையாலேயே கட்டுகிறார். சனிக்கிழமை, பறக்க அனுமதித் தாள் கொடுக்கும் பரிசோதகர் வருவார். எஞ்சின் ஓடும்போது இரண்டு இருக்கையில் இருப்பவர்களும் ஹெட்செட்டில் தெளிவாகக் கதைக்க முடிய வேண்டும். இப்போதைக்கு உள்ளே ஒரே இரைச்சல். எஞ்சின் வேகம் கூடக் கூட அதுவும் ஊளையிடுகிறது.

இது பரவாயில்லை. தொடர்கிறேன்.

3.

குற்றம் எங்கே என்று அவர் புதன்கிழமை கண்டுபிடித்தார்; அன்றிரவே எனக்கு எழுதியும் அனுப்பினார். விமானத்தின் முகப்புப் பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்து, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தார். மைக்குக்குப் போகும் வயரைச் சுற்றி ஒரு கம்பி வலை இருக்கும். வெளி இரைச்சலைத் தடுப்பதற்காக அது. அந்த வலையை ஒரு முனையில் மட்டும்தான் விமானத்தின் உடலோடு எர்த் பண்ண வேண்டும். அவரோ இரண்டு முனையிலும் பண்ணியிருந்தார். வீடுகளுக்கு வயர் இழுத்துப் பழகிய கை அது. உலோகமாக எதைக் கண்டாலும் எர்த் பண்ணாமல் விடாது. இரண்டு முனையிலும் கட்டியதால் வலைக்குள்ளேயே மின்சாரம் ஓடி, தடுக்க வேண்டியதே இரைச்சலை உள்ளே கொண்டுவந்தது.

பக்கத்து இருக்கைப் பக்க முனையை வெட்டி, குழாய் உறை போட்டு மூடினார். சரியா பிழையா என்று பார்க்க எஞ்சினை ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவர் தன் இருக்கையை விட்டு எழும்ப முடியாது. பக்கத்தில் ஒருவர் இருந்து கதைக்க

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அந்த ஒருவர் நான்.)

4.

இந்த ஆள்மீது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கல்யாணம் கட்டாத, ஐம்பத்திரண்டு வயது மனிதர் எதற்கு இரண்டு இருக்கை வைத்துக் கட்டுகிறார்? வாசகர் நம்புவாரா? முன்பொருமுறை அவரிடமே கேட்டேன்.

"ஒண்டோட கட்டினா, பிறகு ஆரும் வாறனெண்டாலும் ஏலாதே அண்ணை" என்றார்.

நான் ஏன் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் போய் உட்கார்ந்தால் அவர் தனி ஆள் இல்லை. பிறகு எனக்கு எழுத என்ன இருக்கிறது? எரிகிற வீட்டில் பிடுங்கினது இலாபம் என்பார்களே, நான் அந்த ரகம்.

5.

முடிவுகள்:

அ) சூரிச்சிலிருந்து அவருடைய தங்கை இந்திரா வந்து உட்காருகிறாள். (ஐந்து வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. கதைக்காக அவளை ரயில் ஏற்ற முடியாது.)

ஆ) பரிசோதகரே உட்காருகிறார். இரைச்சல் நிற்கவில்லை. தாள் கைக்கு வரவில்லை. (பாவம்.)

இ) நான் போகிறேன்.

மூன்றாவதைத்தான் தேர்ந்தேன். எழுதுவதற்கு முன்னால் செய்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருக்குப் போன் எடுத்தேன்.

6.

"வேலை முடிஞ்சுதோ அண்ணை?" என்று முதலில் அதைத்தான் விசாரித்தார்.

"முடிஞ்சுது. நாளைக்குக் காலமை வரட்டோ?"

"தேவையில்லை அண்ணை. நேற்று எஞ்சினை ஓட்டிப் பாத்திட்டன். இரைச்சல் நிண்டிட்டுது."

"ஆர் பக்கத்தில இருந்தது?"

"ஒருத்தருமில்லை" என்றார். போனில் தன் குரலைப் பதிந்து, பக்கத்து ஹெட்செட்டின் மைக்கோடு ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டினாராம்.

"நான் பதில் சொல்ல இடைவெளி விட்டுப் பதிஞ்சனான். 'கேக்குதோ' எண்டு கேட்டுது. 'ஓம், கேக்குது' எண்டன். பிறகு 'சாப்பிட்டாச்சோ' எண்டு கேட்டுது."

"அதையும் நீர்தானே பதிஞ்சனீர்?"

"ஓம். பதிஞ்சதை மறந்துபோனன். திடுக்கிட்டுட்டன்."

"என்ன சொன்னனீர்?"

"இன்னும் இல்லையெண்டன்."

அழுகை வந்தது எனக்கு. இனி அந்த இருக்கைக்கு என்னை எழுத முடியாது. மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன்.

"வேறென்ன அண்ணை?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

நான் என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. அது கதைக்கு உதவாது. அவர் கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் சொல்வதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்:

"தயா,