பிடித்த மூச்சு

பத்து நாள் விடுமுறையைக் கடலோரத்தில் படகும் அலையுமாகக் கழித்துவிட்டு, மறுபடி வேலைக்கு எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தவளுக்குத் தரை இன்னும் லேசாக ஆடியது. செருப்பில் ஒட்டிய மணல் நறநறத்தது.

"முதல் நாளே உன்னைப் பிழிய மாட்டேன்டி. இப்போதைக்கு நெஞ்சுப் படம் மட்டும் அனுப்பறேன். எலும்பு முறிஞ்சதெல்லாம் மத்தியானத்துக்கு மேல," என்றாள் டோக்கன் கொடுக்கும் அக்கா.

முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர், மலை மாதிரி ஆள். சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றார். அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க," என்றாள். கூடவே தானும் பிடித்துக்கொண்டாள். எட்டு வருடப் பழக்கம். வருகிறவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதற்கு அவளுக்கு அதுதான் கடிகாரம்.

பொத்தானை அமுக்கினாள். திரையில் விலா எலும்புகள் வெள்ளை வெள்ளையாக எழுந்தன, கரைக்கு வரும் அலைகளேதான். நடுவில் இதயம் ஒரு படகுபோலச் சற்றே சாய்ந்து கிடந்தது. அது எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். 'விடுங்க' என்று சொல்ல வேண்டியது அடியோடு மறந்துபோயிற்று.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு டிரைவர் நின்றிருந்தார்.

"நான் எப்பவோ விட்டுட்டேன்மா," என்றார். "நீங்கதான் இன்னும் விடல."

மெல்ல விட்டாள். கண்ணாடியில் ஆவி படர்ந்தது, கலைந்தது. தரை ஆடுவது நின்றிருந்தது.

"அடுத்த ஆளை அனுப்புங்கக்கா," என்றாள். "எலும்பு முறிஞ்சவரா இருந்தாலும் பரவாயில்ல."