பாவமில்லாதவர்களின் வட்டம்

மனித ஆன்மாவைச் சூழ்ந்திருந்த யுகாந்தர இருள், 1973ஆம் வருடம் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, போர்ட் பிளேரில் விலகத் தொடங்கியது. ஐந்தேகாலுக்கு நின்றுபோனது. யாருக்கும் பேச ஒன்றுமில்லை.

பங்குச் சாமியார் அமலதாஸ் மெயின்லாண்டில் பயிற்சி முடித்து, கூடிப் பேசி மனநோய் தீர்க்கும் சிகிச்சையையும் கத்தோலிக்க விசுவாசத்தையும் ஒரே பானையில் வேகவைக்கும் வித்தையோடு கப்பலில் வந்திறங்கியிருந்தார். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் மனப்பாரத்தை இறக்க, மற்றவர்கள் அன்போடு கேட்க வேண்டும். அதைப் பார்வையிட மேற்றிராணியாரின், அதாவது பிஷப்பின், பிரதிநிதி நோட்டும் பேனாவுமாக வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் போர்ட் பிளேரில் மனநல மையம், அமலதாஸ் அதன் இயக்குநர். பிடிக்காவிட்டால் காட்டுக்குள் ரங்கத் சிற்றாலயம், மழையும் அட்டையும்.

"சந்தியாகு, மனசுல இருக்கிறத இறக்கி வை" என்றார் சாமியார்.

ஹார்பர் ஃபிட்டர் சந்தியாகு, தூத்துக்குடிக்காரர், எழுந்து கைகட்டி நின்றார். "ஒண்ணும் இல்ல சாமி. நாலு மணிக்குத்தான உங்ககிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன். நீங்கதான மன்னிச்சு விட்டீங்க?"

"அது வேற, இது வேற."

"அப்போ அந்த மன்னிப்பு செல்லாதா சாமி?"

பிரதிநிதியின் பேனா நின்றது. அமலதாஸ் யோசித்தார். செல்லும் என்றால் வட்டம் எதற்கு? செல்லாது என்றால் கோயில் எதற்கு?

அடுத்தவர் ராஞ்சிக்காரர் பிலிப் டோப்போ. "மேரா பி சாஃப் ஹை, சாமி. எல்லாம் கிளீன்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். மேற்றிராணியார் அனுப்பும் பெரியவர் வரும் இடத்துக்கு அழுக்கோடு போகலாமா என்று பன்னிரண்டு பேரும் நாலு மணிக்கே வரிசையில் நின்று ஆத்துமத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள்.

சந்தியாகுவின் மனைவி மிக்கேலம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பாரம் சாமிக்குத்தான் இருக்கும். இங்க வேற சாமியாரு ஏது? இங்க வந்த நாலு மாசமா அவரு யாருகிட்ட போய்ச் சொல்லுவாரு? நீங்க சொல்லுங்க சாமி, நாங்க அன்பா கேக்கோம்."

பன்னிரண்டு முகங்களும் அன்பாகத் திரும்பின. பிரதிநிதியும் திரும்பினார். வேறு வழியில்லை. இருப்பதிலேயே சின்னப் பாரமாகப் பார்த்து அமலதாஸ் இறக்கினார்.

"சில சமயம்... பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது எனக்குக் கண் சொக்கிடும்."

அன்பு அந்த நிமிஷமே நின்றது.

"எந்தெந்த வாரம் சாமி?" சந்தியாகு பதறினார். "அந்தச் சேவல் சங்கதி காதுல விழுந்துச்சா, இல்லியா?"

"எந்தச் சேவலு?" என்றாள் மிக்கேலம்மாள்.

"உடும்பு தூக்கிட்டுப் போச்சுல்லா, அது."

"அதுல நீரு எங்க வந்தீரு?"

"நான்தான் ஷாதிபூர்ல வித்தேன்."

"அடப்பாவி மனுசா! ஒரு பாவமும் அறியாத உடும்ப மூணு மாசமா வைஞ்சிட்டு இருக்கேனே!"

"அரே, நான் எடுத்த சைக்கிள் பம்ப் மாமலா, அந்த விஷயம் கேட்டுச்சா?" என்று டோப்போ எழுந்தார். பம்பின் சொந்தக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு கிடைத்ததா இல்லையா என்று தெரியாத பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அழுதார்கள், சட்டையைப் பிடித்தார்கள், பிடித்த சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக் கட்டிக்கொண்டார்கள்.

பிரதிநிதி ஆறு பக்கம் எழுதினார். சிகிச்சை அற்புதம், மையம் தொடங்கலாம், தூங்காத ஒருவரை இயக்குநராகப் போடவும். அமலதாஸுக்கு ரங்கத். புறப்படும் முன், பங்கு மக்கள் அத்தனை பேரின் பாவங்களையும் அவர் மறுபடி முதலிலிருந்து கேட்டாக வேண்டும் என்று உத்தரவு.

ஏழாவது ஆளில் தூங்கிவிட்டார்.