வலது பக்கத்துப் பாரம்

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. போதகரின் வீட்டு முன்னறையில் பெண்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஒவ்வொருத்தியும் தன் மனக்குறையைச் சொல்வாள். பிறகு அவரவர் தமக்கு வலது பக்கம் இருப்பவரின் பாரத்தை ஏற்றுக்கொண்டு, அடுத்த புதன்வரை தினமும் அதற்காக ஜெபிக்க வேண்டும். “இங்க பேசினது இங்கயே இருக்கட்டும்” என்று போதகரின் மனைவி வாரம் தவறாமல் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். கதைக்காரியும் ஆட்டினாள்.

கதைக்காரி என்பது சபையார் செல்லமாக வைத்த பெயர். சபைப் பத்திரிகையில் மாதம் ஒரு கதை எழுதுவாள். “ஆண்டவர் குடுத்த தாலந்து” என்று யாராவது சொன்னால் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துபோகும்.

அன்று அவளுக்கு வலது பக்கம் தையற்காரி. கூட்டத்தில் வாயே திறக்காதவள், அன்று திறந்தாள். மகளோடு சண்டை வந்ததாம். கோபத்தில் “நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டாளாம். மகள் பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை.

“அவளுக்கு ஒரு பச்சைப் பாவாடை தச்சிக்கிட்டிருந்தேன். ஊசி பாதியில நிக்குது. எடுக்க மனசு வரல. எடுத்தா அவ வரமாட்டாளோன்னு தோணுது” என்றாள்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். எதிரே இருந்த நர்ஸ் தேம்பினாள். கதைக்காரியும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தாள். வாய் “ஆண்டவரே” என்றது, மனம் முதல் வரியைத் தேடியது. ஊசியிலிருந்து தொடங்க வேண்டும் என்று தோன்றியது. சொல்லவே கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அவளுக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க எழுதினாள். முழங்கால் ஒரு நாளும் தரையில் படவில்லை. எழுதுவதும் ஒரு ஜெபம்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசாட்சிக்காகத் தையற்காரியை ரொட்டிக் கடைக்காரியாக மாற்றினாள், பச்சைப் பாவாடையை நீலமாக்கினாள். ஊசியில் மட்டும் கை வைக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் கதையில் என்ன மிச்சம் இருக்கும்?

முதலில் எழுதிய முடிவில் மகள் வரவில்லை. பத்திரிகை ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். “நம்ம ஜனங்க அழுதுக்கிட்டே முடிக்கக் கூடாதும்மா. கொஞ்சம் நம்பிக்கையா வைங்க.” அதற்கென்ன என்று, அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஒரு பத்தி சேர்த்தாள். மழை பெய்யும் ஒரு சாயங்காலம் மகள் வருகிறாள். கதவு திறந்திருக்கிறது. உட்கார்ந்து, நின்றுபோன இடத்திலிருந்து பாவாடையைத் தானே தைத்து முடிக்கிறாள்.

கணவன் படித்துவிட்டு, “யார் கதை இது?” என்றான்.

“கற்பனை.”

“அப்படியா? உன் பக்கத்துல உக்காந்து தும்மக்கூட யோசிக்கணும் போல” என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்திரிகை வந்த ஞாயிறு, போதகர் ஆராதனையிலேயே கதையைப் பாராட்டினார். கதை மூலமாகவும் ஆண்டவர் பேசுவார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நர்ஸ் மட்டும் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, “இனிமே வட்டத்துல நான் எதுவும் சொல்றதா இல்ல” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. கதைக்காரிக்குக் காது மடல் எரிந்தது. அடுத்த புதன் தையற்காரி கூட்டத்துக்கு வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் கதைக்காரி அவள் வீட்டுக்குப் போனாள். முன்னறைதான் தையல்கடை. மன்னிப்பை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள், குரல் தழுதழுக்க வேண்டிய இடம் உட்பட. வெட்கங்கெட்டதுதான், ஆனால் அவளுக்குத் தெரிந்த தொழில் அது.

தையற்காரி முகம் மலர்ந்து முக்காலியை இழுத்துப் போட்டாள். “வாங்க தங்கச்சி. நேத்து கூட்டத்துக்கு வர முடியல. சாயங்காலம் வாசல விட்டு நகர முடியறதில்ல.”

“ஏன்க்கா?”

“மழை வர்ற மாதிரி இருந்துச்சே. நீங்கதான எழுதியிருந்தீங்க?”

கதவை ஒட்டிய நாற்காலியில் பச்சைப் பாவாடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழைய ஊசி இல்லை. புது ஊசி ஒன்று நூல் கோத்துத் தயாராகக் குத்தியிருந்தது.

“மொதல்ல படிச்சப்ப உடம்பெல்லாம் கூசிப்போச்சு. நம்ம வீட்டு விஷயத்தை இப்படி ஊரறியப் பண்ணிட்டாங்களேன்னு. அப்புறம் கடைசிப் பக்கம் வந்தேன். ஒரு வாரம் பூரா எனக்காக ஜெபம் பண்ணினவங்க, ஆண்டவர் காட்டாமயா எழுதியிருப்பாங்க?” தையற்காரி ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “ஒண்ணுதான் இடிச்சுது. என் பிள்ளைக்கு நூல் கோக்கக்கூடத் தெரியாது. சரி, போன இடத்துல கத்துக்கிட்டிருப்பா. இருந்தாலும் துருப்பிடிச்ச பழைய ஊசிய எடுத்துட்டு, புதுசுல நானே கோத்து வச்சிட்டேன்.”

ஒத்திகை பார்த்த மன்னிப்பு இங்கே உதவாது. ஒரு தலையாட்டல் போதும், கதைக்காரி தப்பித்துவிடலாம். ஆனால் இந்த அம்மா ஆயுசு முழுக்க மழை நாளில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பாள்.

“இல்லக்கா” என்றாள். “எனக்கு ஆண்டவர் எதுவும் காட்டல. நான் கேக்கவே இல்ல. அந்த முடிவு, ஆசிரியர் கேட்டாருன்னு அவசரத்துல எழுதினது. உங்களுக்காக நான் ஒரு நாள்கூட ஜெபம் பண்ணல. அன்னைக்குக் கண்ண மூடிக்கிட்டு இந்தக் கதையைத்தான் யோசிச்சேன்.”

தையற்காரி கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து மெல்லச் சுருட்டினாள். சுருட்டி முடித்தும் கையிலேயே வைத்திருந்தாள்.

“அந்த வாரம் நான் நல்லாத் தூங்கினேன், தங்கச்சி” என்றாள். “எனக்குத்தான் கேக்கத் தகுதியில்ல, என் பிள்ளைக்காக இன்னொருத்தங்க கேட்டுக்கிட்டிருக்காங்களேன்னு.”

கதைக்காரிக்குத் தன் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “இப்பப் பண்ணட்டுமாக்கா?” என்றாள். இத்தனை சின்னக் குரல் தனக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

தையற்காரி கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“பண்ணுங்க” என்றாள். “ஆனா கண்ண மூடாதீங்க. நான் பாக்கணும்.”