காலர்க் கட்டு

"திங்கக்கிழமையிலேர்ந்து பீஸ் ரேட். தச்சவங்களுக்குத் தச்ச அளவுக்குக் கூலி. இல்லன்னா நான் எதிர் கம்பெனிக்குப் போயிடுறேன், கூப்பிட்டுட்டாங்க" என்று மின்னல் சொன்னதும் தையல் கூடத்தில் எல்லா மிஷினும் நின்றுவிட்டன.

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. மற்றவர்கள் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைப்பதற்குள் அவள் இரண்டுக்குத் தைத்து எறிந்துவிடுவாள். அந்தத் தையல் கடையைச் சொந்தக்காரர் மூடிவிட்டுப் போனபின் தொழிலாளர்களே சேர்ந்து அதை நடத்தினார்கள். வருவதைச் சமமாகப் பங்கிட்டார்கள். ஆரம்பத்தில் எல்லாம் தேனும் பாலுமாகத்தான் இருந்தது. நாள் போகப்போக அவள் கண் அக்கம்பக்கம் மேயத் தொடங்கியது. இஸ்திரி போடுகிறவர் அரைமணிக்கொரு தரம் டீக்கு எழுந்தார். அவளுடைய நாத்தனாரோ, ஒரு காலரைத் தைத்துவிட்டு அதன் முனையைக் குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல நிமிண்டிக்கொண்டிருந்தாள். நாத்தனாரை ஆமை என்று மின்னல் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவாள். நாத்தனாரும் சிரித்துக்கொண்டே, "சொல்லுங்க அண்ணி" என்பாள்.

"அப்படிப் போடு!" என்றார் இஸ்திரிக்காரர். அவருக்கு 'முதலாளி' என்று பெயர். முதலென்று அவரிடம் ஒரு சல்லிக்காசு கிடையாது, பேச்சுதான் அப்படி. "அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு?"

"இல்லதான். ஆனா கத்திரி பிடிக்கணும்னா அஞ்சும் சேர்ந்துதானே பிடிக்குது?" என்றார் கட்டிங் மாஸ்டர். அவரை எல்லாரும் 'தோழர்' என்பார்கள்.

"நீங்க பிடிங்க தோழரே. பிடிச்சுப் பிடிச்சுத்தான் நாம இப்படி இருக்கோம்" என்றார் முதலாளி.

வாக்குவாதம் முற்றுவதற்குள் நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி கேக்கறது நியாயம்தான். ஒரு வாரம் செஞ்சு பாப்போமே."

தனக்காகப் பரிந்து பேசுகிறாளே என்று மின்னலுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்ன சொல்லை அவள் திரும்ப எடுக்கவில்லை.

பள்ளிச் சீருடை ஆர்டர் அப்போதுதான் வந்திருந்தது. பீஸ் ரேட் வாரம் முடிந்ததும் பள்ளி திறக்கிறது. அந்த வாரச் சனிக்கிழமைக்குள் சட்டைகள் போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்தப் பள்ளி இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், பீஸ் ரேட் வந்ததும் கூடமே விழித்துக்கொண்டது. முதலாளி டீயை மறந்தார். மிஷின் சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. மின்னலுக்கு உச்சி குளிர்ந்தது. இடையில் அவளுடைய ஊசி முறிந்தபோது மட்டும் ஒருவரும் தலை நிமிரவில்லை; நிமிர்ந்தால் நேரம் போய்விடுமே. ஆமைதான் எழுந்து வந்து, தன் பெட்டியிலிருந்த ஊசியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தோழர் தலையில் கை வைத்துக்கொண்டார். கை இருந்தது, பை இருந்தது, பட்டன் பட்டி இருந்தது. காலர் மட்டும் இல்லை. நேராக ஓட்டிவிடக்கூடிய நேர்த்தையலுக்கும், நுணுக்கமான காலருக்கும் ஒரே ரேட் போட்டிருந்தார்கள். நேர்த்தையல் கட்டுகளை ஆளாளுக்கு அள்ளிக்கொள்ள, காலர்க் கட்டுகள் எல்லாம் நாத்தனாரின் காலடியில் மலையாகக் குவிந்திருந்தன. சட்டைகள் முண்டங்களாகக் கிடந்தன.

"தகராறு பண்ணியிருக்கலாமே நீ!" என்று மின்னல் பாய்ந்தாள்.

"எல்லாரும் அவசரத்துல இருந்தீங்க அண்ணி."

மின்னல் ஒரு காலரைப் பிடுங்கித் தன் மிஷினில் ஓட்டினாள். ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை மொண்ணையாகவும் வந்தது. இன்னொன்று போட்டாள். அது சுருங்கிக்கொண்டது. வேகம் கொடுத்த கடவுள் பொறுமையை வேறொருத்தியிடம் கொடுத்து வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நாத்தனார் அந்த இரண்டையும் வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"அதை விடு, நீ தை" என்றாள் மின்னல். நாற்காலியை இழுத்து நாத்தனார் பக்கத்தில் போட்டாள். "ஓரத்தை நான் வெட்டித் தர்றேன், தச்ச காலரை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பித் தர்றேன். எப்படின்னு மட்டும் சொல்லு."

"உங்களுக்கு அதுக்கு ரேட்டே இல்லையே அண்ணி?"

"வாயை மூடிட்டு மிஷினை ஓட்டு."

முதலாளி தாமாகவே வந்து திருப்பிய முனைகளுக்கு இஸ்திரி போட்டார். மற்றவர்களும் காலரைச் சட்டையில் பொருத்த உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி புறப்பட்டது. பள்ளிக்காரர் முணுமுணுத்தார், ஆனால் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை மறுபடி கூடினார்கள். வருவதில் பாதி எல்லாருக்கும் சமம், மீதி அவரவர் தைத்ததற்கு என்றார் தோழர். முதலாளிகூட மறுக்கவில்லை. "ஆனா காலருக்குத் தனி ரேட். தைக்கிறவளே சொல்லட்டும்" என்றார் தோழர்.

நாத்தனார் முந்தானையைத் திருகினாள். "கை தைக்கிறதைவிடக் கொஞ்சம் கூடப் போட்டாப் போதும்."

"பத்தாது" என்றாள் மின்னல். "ரெண்டு மடங்கு."

"அண்ணி, அது நிறையத் தைக்கிற உங்க பங்குலேர்ந்துதான் போகும்."

"எனக்குக் கணக்கு தெரியும்டி."

"எதிர் கம்பெனி என்னாச்சு?" என்று முதலாளி கிண்டினார்.

"அங்க போய் நீங்க டீ குடிங்க" என்றவள், மிஷின் மிதியிலிருந்து இரண்டு காலையும் எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "ரெண்டு மடங்குன்னு எல்லாரும் ஒத்துக்கிற வரைக்கும் இந்த மிஷின் ஓடாது."

ஓடாத மின்னலை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியாக, தயங்கித் தயங்கி, நாத்தனாரின் கை.