புதன்கிழமை மீன் வாங்காத ஒழுங்கை

1994ஆம் ஆண்டு தை மாதம் 26ஆம் திகதி, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கண்ணகை என்ற ஏழு வயதுப் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய்க்கான முதல் ஊசியை ஏற்றினார்கள். பத்தேகாலுக்கு, பதினாறு மைல் தெற்கே தேற்றாத்தீவில், அவளுடைய தாய்மாமன் கந்தப்போடி வயல் வட்டைக்குப் போகிற வழியில் வாந்தி எடுத்தார். பிள்ளை கட்டிலில் இருந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் கிழமை தலைமயிர் கொட்டியது, அதுவும் அவளுக்கல்ல. கந்தப்போடிக்கு உச்சியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு, பெரியம்மா ஆச்சிப்பிள்ளைக்கு நெற்றியோரம், குருக்கள்மடம் தபால் கந்தோரில் வேலை செய்த வினாயகமூர்த்திக்குப் பிடரியில், இப்படி நாற்பத்தொரு பேருக்கு ஆளுக்கொரு துண்டு கொட்டியது. எல்லாரும் பிள்ளையின் தாய் சீதேவிப்பிள்ளையின் குடி, முத்துநாச்சி குடி.

மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழி வம்சம், பிள்ளை தாயின் குடி. தகப்பன் எவ்வளவு பாசக்காரனாக இருந்தாலும் அவன் வேறு குடிதான். கண்ணகையின் தகப்பன், மீன் வியாபாரி கோணாமலைக்கு இது கலியாணத்துக்கு முன்னமே தெரியும், ஆனால் தெரிந்திருப்பது வேறு, வயிற்றெரிச்சல் வேறு. மகளுடைய மருந்தில் ஒரு துளியாவது தன் மேல் இறங்காதா என்று அவர் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அவளுடைய கையைப் பிடித்தபடி இருந்து பார்த்தார், விரதம் இருந்து பார்த்தார். புதன்கிழமைகளில் அவருக்கு நன்றாகப் பசித்தது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, சைக்கிளை ஒரு மரத்தடியில் சாத்திவைத்து, ஆள் பார்க்காத இடத்தில் சோறு தின்றார்.

டொக்டர் மங்கையற்கரசி அந்த மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கோப்பில் நோயாளிக்குப் பக்கவிளைவு எதுவுமில்லை என்று எழுதி, உறவினருக்கென்று தனித்தாள் ஒன்று சேர்த்தார். ஒரு தலையின் படத்தை வரைந்து, யார் யாருக்கு எந்த இடத்தில் கொட்டியதோ அந்த இடத்தைப் பென்சிலால் நிரப்பினார். நாற்பத்தொரு துண்டையும் சேர்த்தபோது தலையில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியது. இடது காதுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்தது. எங்கோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து இன்னொரு முறை வரைந்தார், அதே வெறுமை. ஊசிமருந்துகளில் ஒன்று பட்டிப்பூ என்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது என்று அவர் சொன்ன அன்று, கந்தப்போடி தன் வளவில் நின்ற பட்டிப்பூவையெல்லாம் வேரோடு பிடுங்கி எறிந்தார். மாரி மழைக்கு அது திரும்பவும் முளைத்தது.

அடுத்த வருடம் ஆவணியில் நோய் திரும்பியது. இனி ஆறு ஊசி, சிவப்பு மருந்து, முந்தினதை விடக் கடுமையானது என்றார் டொக்டர். ஏற்றாவிட்டால் பிள்ளை மாரியைத் தாண்டாது என்பதையும் மறைக்கவில்லை. நாற்பத்தொரு பேர் அதற்குள் இருபத்தாறாகியிருந்தார்கள். அது யுத்தத்தின் வேலை. ஆள் குறையக் குறைய மிஞ்சியவர்களின் பங்கு கூடியது. ஆச்சிப்பிள்ளை வாய் முழுக்கப் புண்ணாகிப் பாயில் கிடந்தாள். இரண்டு புதன்கிழமைகளுக்கு ஊசியை நிறுத்திவைத்து, குடி கந்தப்போடியின் முற்றத்தில் கூடியது.

"புள்ள எங்கட புள்ளதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா அக்காவுக்குப் பத்து நாளாத் தண்ணியும் இறங்குதில்ல. இன்னும் ஆறு ஊசியெண்டா நாங்க தாங்கமாட்டம்" என்றார் கந்தப்போடி.

கோணாமலை வாயைத் திறந்தார்.

"உனக்கென்ன மச்சான், உன்ட தலையில ஒரு மயிரும் கொட்டல்லயே" என்று கந்தப்போடி முந்திக்கொண்டார்.

அது உண்மைதான். கோணாமலை எழுந்து வீட்டுக்குப் போய், அடர்ந்த தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாள் விடிய மீன் எடுக்கக் கல்லடிக் கடற்கரைக்குப் போனார். அங்கே காத்தான்குடி மீன்காரன் பாறூக், வழமைக்கு மாறாக இரண்டு கூடை எடுத்துக்கொண்டிருந்தான்.

"எங்கட ஊர்ல ஒரு ஒழுங்கை இரிக்கி. ஒண்டரை வருசமாப் புதன்கிழமையெண்டா மீன் மணமே ஆகாதாம், கதவைச் சாத்திப் போடுவாங்க. இப்ப ரெண்டு புதனா வாங்கித் தள்ளுறாங்க. என்ன கூத்தோ!"

முத்துநாச்சி குடி வீடுகளும் ஒன்றரை வருடமாகப் புதன்கிழமைகளில் மீன் வாங்கியதில்லை. இந்த இரண்டு புதனும் வாங்கின. எந்த வீடு எந்த நாளில் வாங்காது என்பது மீன்காரனுக்கு மனப்பாடம். கோணாமலை அன்றைக்கு மீன் எடுக்காமலே சைக்கிளில் ஏறினார். தொண்ணூறாம் ஆண்டுத் தமிழர் முஸ்லிம் கொலைகளுக்குப் பிறகு அவர் முஸ்லிம் ஊரான காத்தான்குடியைப் பிரேக் பிடிக்காமல் கடந்தே போய்வந்தார். இரண்டு பக்கத்திலும் எல்லாரும் அப்படித்தான். அன்று பிடித்தார்.

பாறூக் சொன்ன அந்த ஒழுங்கைத் தெருவின் முதல் வீட்டில் தறியிலிருந்து எழுந்து வந்த ஸஹீதா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"என்ன குடி?"

"முத்துநாச்சி குடி. என்டயில்ல, பொஞ்சாதிட."

அவள் உள்ளே திரும்பித் தம்பியைக் கூப்பிட்டாள். முகைதீன்பாவா வந்து தொப்பியைக் கழற்றினார். இடது காதுக்குப் பின்னால் ஒரு துண்டு வழுக்கையாக இருந்தது. அந்த ஒழுங்கையில் இருபது பேருக்கு அப்படி; முக்காட்டுக்கும் தொப்பிக்கும் கீழே கிடந்ததால் வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை.

"எங்களுக்கும் அதே குடிதான். எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியா" என்றாள் ஸஹீதா. "புள்ளைக்கு எத்தின வயசு?"

"எட்டு."

"அல்லாஹ்வே! யாருக்கெண்டு தெரியாமலே ஒண்டரை வருசம் சுமந்தம். தெரிஞ்சாப்புறகு விடுறயா, தம்பி? ஊசி எண்டைக்கெண்டு முதல் நாளே வந்து சொல்லுங்க. வாங்கின மீனை எறியிறதுதான் பாவமா இரிக்கி."

கோணாமலை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று பின்னேரம் கந்தப்போடியிடம் சொன்னபோது, "அவங்களுமா?" என்று அவர் மூன்று தரம் கேட்டார். பிறகு, புதன்கிழமைக்குக் கஞ்சி வைக்கும்படி பெண்சாதியிடம் சொன்னார்.

ஆறு ஊசியும் ஏறின. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கோணாமலை சைக்கிளில் போய்க் காத்தான்குடி ஒழுங்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். புதன்கிழமைகளில் மீன்பெட்டியைக் கழுவி, அது நிறையச் செவ்விளநீர் ஏற்றி, முதலில் தேற்றாத்தீவுக்கும் குருக்கள்மடத்துக்கும், பிறகு அந்த ஒழுங்கைக்கும் வீடு வீடாகக் கொடுத்தார். வழியிலிருந்த இராணுவச் சோதனைச் சென்றிகளில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அவர் இளநீரைத் திரும்பப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். இளநீர் குடித்துக் குடித்து ஆச்சிப்பிள்ளை நாலாம் ஊசியோடு எழுந்து நடந்தாள். டொக்டரின் படத்தில் தலை முழுதாக நிரம்பியது. அவர் எழுதிய கட்டுரையை வெளிநாட்டுச் சஞ்சிகை, ஒரு நோயாளி போதாது என்று திருப்பி அனுப்பியது. வேறு குறை எதுவும் சொல்லவில்லை.

1997 பங்குனியில் கண்ணகையின் இரத்தம் சுத்தம் என்று அறிக்கை வந்தது. கொட்டிய இடங்களில் மயிர் சுருட்டையாக முளைத்தது, இரண்டு ஊரிலும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை என்பதால், இப்போதெல்லாம் சம்பந்தம் பேசுகிறவர்கள் வாய்விட்டுக் கேட்காமல் தலையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த அறிக்கையை வாங்கப் போன அன்று கோணாமலை நொண்டிக்கொண்டு போனார். டொக்டர் அவருடைய வலது முழங்காலை அமத்திப் பார்த்தார். "இது சைக்கிள் மிதிச்சு வந்தது, ஐயா."

"இல்ல டொக்டர். புதன்கிழமையிலதான் நோகுது."

டொக்டர் பழைய கோப்பை எடுத்து, பக்கவிளைவுத் தாளில், அத்தனை பெயர்களுக்கும் கீழே எழுதினார்: கோணாமலை, தகப்பன், வலது முழங்கால். கோணாமலை கேட்டுக்கொண்டதால் இரண்டு தரம் வாசித்தும் காட்டினார். அந்த முழங்கால் இன்றைக்கும் புதன்கிழமைகளில் நோகிறது. அது மருந்தால் வந்த நோ என்பதில் முத்துநாச்சி குடியில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.